நாற்பது தோட்டாக்களும் ஒரே எடை

பட்டாபிராம்,
ஜூன் 8.

அன்புள்ள தம்பி உத்தமனுக்கு,

அக்கா கஸ்தூரி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அயனம்பாக்கத்தில் கார்த்திகாவும் மாப்பிள்ளையும் நலம். அங்கு நீயும் அஸ்வினும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கனடாவில் பனி ஒருவழியாக விட்டிருக்கும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கார்த்திகா வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் ஏரியில் பாதிக்கு மேல் புல்தான் தெரிகிறது.

நீ அனுப்பிய உறை வியாழக்கிழமை கிடைத்தது. வழியில் யாரோ பிரித்துப் பார்த்து டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். தபால்காரர் கொடுக்கும்போதே, "இன்னாம்மா இது, கனடாலேர்ந்து வெறும் ஓட்ட பேப்பரா வந்துகினு கீது?" என்று கேட்டார். என் தம்பி வீட்டில் உட்கார்ந்து ரைபிள் தோட்டா செய்கிறான் என்று ராணுவ ரயில் சைடிங் இருக்கிற ஊரில் சொன்னால் என்ன ஆகும்? தையல் மாதிரித் தாள் என்று சொல்லி வாங்கி வைத்தேன்.

அஸ்வின் சுட்டுத் துளைத்த ஆறு தாள்களையும் என் பழைய வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். போட்டோ அனுப்பினால் போதாதா என்று போனில் கேட்டாய். போதாது. போன் சாய்ந்தால் அளவும் சாயும். முப்பத்திரண்டு வருடம் ஃபேக்டரி இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் தூரம் பார்க்க வேண்டும் என்றால் தாள் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது தாளில் ஐந்து ஓட்டையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிட்டன. இருநூறு கஜத்திலிருந்து சுட்டது என்கிறாய். நம்பவே முடியவில்லை. நாலாவது தாளில் அதே ஐந்தும் சாசர் அளவுக்குப் பரந்து கிடக்கின்றன. என்ன செய்தாய் என்று உன் நோட்டைப் பார்த்தால், ஒரே நாளில் வெடிமருந்தின் எடையை மாற்றியிருக்கிறாய், குண்டு உட்காரும் ஆழத்தை மாற்றியிருக்கிறாய், போதாக்குறைக்கு வேறு கம்பெனிப் பித்தளைக் கூடுகளையும் கலந்திருக்கிறாய். இப்போது எது கெடுத்தது என்று யாரைப் போய்க் கேட்பது? பாடி ஃபேக்டரியில் முப்பது வருடம் லேத்தில் நின்றவன்தானே நீ? மூன்று திருகையும் ஒன்றாகத் திருகிவிட்டு மெஷின் சரியில்லை என்று சொல்வாயா? ஒரு நாளில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மீதி எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும்.

தராசு முள் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறாய். கராஜில் ஹீட்டர் ஓடினால் எப்படி நிற்கும்? ஹீட்டரை அணைத்துவிட்டு, கனமான மேஜையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார். இன்னொன்று. புத்தகத்தில் உச்ச அளவு என்று போட்டிருப்பதற்கு மேல் ஒரு பொட்டு மருந்தும் போகக் கூடாது. அஸ்வின் அந்தத் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்துத்தான் சுடுகிறான்.

உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று நினைக்காதே. வசந்தகுமாரி உன்னைத் தனியாக விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு மகன் வீட்டுக்குப் போனவன் ஒரு வருடம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாய். போனில் "சாப்பிட்டேன், தூங்கினேன்" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. கடையில் தோட்டா வாங்கிக்கொண்டிருந்த அஸ்வினைத் தடுத்து, சுட்டுப்போட்ட கூடுகளை எடுத்து நானே அடியில் பொறி பிடிக்கும் கேப் பதித்து, மருந்து அளந்து போட்டு, குண்டு வைத்துத் தருகிறேன் என்று நீ ஏற்றுக்கொண்ட பிறகுதான் உன் குரலே திரும்பி வந்தது. அதற்காகத்தான் இந்த வயதில் எனக்குச் சம்பந்தமே இல்லாத இந்த வேலையில் மூக்கை நுழைக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
கஸ்தூரி


பட்டாபிராம்,
ஆகஸ்ட் 17.

அன்புள்ள உத்தமா,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் வருகிறேன், ஆனால் உண்மையைச் சொன்னால் எரிச்சல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

இரண்டாவது கட்டும் வந்தது. பத்துத் தாள். நான் சொன்னபடி எல்லாம் செய்துவிட்டேன் என்கிறாய். ஒரே கம்பெனிக் கூடுகள், ஒரே கேப், ஒரே குண்டு, ஒரே ஆழம். துப்பாக்கியின் திருகாணிகளையும் அஸ்வின் முறுக்கிப் பார்த்துவிட்டானாம். மணல் மூட்டை மேல் வைத்து அவனே சுடுகிறான், அவன் கை ஆடுகிற கை இல்லை. அப்படியிருந்தும் தாளைப் பார்த்தால் கொசுவலையில் எலி புகுந்தது போல இருக்கிறது.

மூன்று நாள் தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துவிட்டு, நான் சமையலறைத் திட்டில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். கார்த்திகா வந்தவள் பார்த்துவிட்டு, மாமா ஏதோ பொழுதுபோவதற்குச் செய்கிறார், நீ ஏன் அம்மா மண்டையை உடைத்துக்கொள்கிறாய் என்றாள். அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை. தப்பு வந்தால் அழித்துவிட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம். அவளுக்கு எங்கே புரியப் போகிறது?

ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன். ஓட்டைகள் இடமும் வலமும் பரவவில்லை. மேலும் கீழுமாகத்தான் பரவியிருக்கின்றன. ஒன்று உச்சியில், அடுத்தது அடியில். கார்த்திகாவை விட்டு இன்டர்நெட்டில் தேடச் சொன்னேன். ஒரு குண்டு வேகமாகவும் அடுத்தது மெதுவாகவும் போனால் இப்படி வருமாம். வேகம் மாறுகிறது என்றால் மருந்து மாறுகிறது. ஆக, கோளாறு நீ எடை போடுவதில்தான் இருக்கிறது.

இதைப் போனில் சொன்னதும் உனக்குக் கோபம் வந்ததே, அது எனக்குப் பிடிக்கவில்லை. எடையெல்லாம் சரியாகத்தான் போடுகிறேன், துப்பாக்கிக் குழாயில்தான் ஏதோ இருக்கிறது என்றாய். நான் மேலே கேட்டதற்கு, "உனக்கு என்ன தெரியும் துப்பாக்கியைப் பற்றி" என்று வெட்டினாய். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அளவைப் பற்றித் தெரியும். சரியாக எடை போட்டேன் என்று வாயால் சொல்வது எந்த ஆய்வுக்கும் போதாது. அடுத்த முறை நாற்பது தோட்டா செய். ஒவ்வொன்றுக்கும் மருந்தின் எடையைத் தனித்தனியாக எழுது, கடைசித் தசமம் வரை. முதல் இருபதைச் சுட்டுத் தாளை அனுப்பு. அது செய்ய முடியாது என்றால் இனி எனக்கு ஓட்டைத் தாள் அனுப்பாதே, என்னிடம் யோசனையும் கேட்காதே. கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் அப்பா என்று அஸ்வின் சொன்னதாக நீயே சொன்னாய். அவன் சொல்வதையே கேள்.

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் அடித்துத் திருத்தப் போவதில்லை. இங்கே இரண்டு நாளாக மழை. துணி காயவில்லை. பக்கத்து வீட்டு சுசீலாவுக்கு மூட்டுவலி அதிகமாகி, கடைக்கும் நான்தான் போய் வருகிறேன். உன் மாத்திரைகளை விடாமல் சாப்பிடு.

கஸ்தூரி


பட்டாபிராம்,
அக்டோபர் 26, ஞாயிறு.

என் அன்புத் தம்பி உத்தமனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கராஜில் தனியாக உட்கார்ந்து படி. தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது. கார்த்திகாவிடமும் கொடுக்கவில்லை. நானே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு மட்டும் அனுப்புகிறேன். கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் எப்போது கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள்.

உன் மூன்றாவது கட்டு தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கிடைத்தது. முதலில் பட்டியலைத்தான் பார்த்தேன். இந்த முறை நோட்டில் எழுதாமல் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பியிருந்தாய். ஒன்று முதல் நாற்பது வரை வரிசை எண், எதிரே எடை. நாற்பதுக்கும் ஒரே எடை. கடைசித் தசமம் வரை ஒன்றுகூடப் பிசகவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுசீலாவைக் கூப்பிட்டு, என் தம்பி கையைப் பார்த்தாயா, பாடியில் அவன் கடைந்து போட்ட இரும்புப் பின்னைத் தேய்க்கவே வேண்டியிருக்காது என்று பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் தாள்களைப் பிரித்தேன். முன்பைவிட மோசம். ஒரு தாளில் உச்சி ஓட்டைக்கும் அடி ஓட்டைக்கும் நடுவில் என் உள்ளங்கையே நுழைகிறது. மருந்து ஒரே எடை, தாள் இந்த லட்சணம். குழாய்தான் கெட்டிருக்கிறது, இவன் சொன்னதுதான் சரி, பாவம் இவனை அநியாயமாகத் திட்டிவிட்டோம் என்று இரண்டு நாள் இருந்தேன்.

மூன்றாம் நாள் தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் ஏகாம்பரம் ஞாபகத்துக்கு வந்தார். எனக்குப் பக்கத்து பெஞ்சில் வேலை பார்த்தவர். உனக்குக்கூடத் தெரியும், நம் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தவர். ஒருநாள் அவர் ரெஜிஸ்டரில் ஐம்பது பின்னுக்கும் ஒரே அளவு எழுதியிருந்தது. ஒரு பார்வையில் பிடித்துவிட்டேன். அதற்கு அவர், "இன்னா கஸ்தூரிம்மா, எல்லாம் ஒரே சைஸ்ல கீதுன்னா நல்லதுதானே, இதுக்குப் போயி இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்று சிரித்தார். நிஜமாக அளந்தால் ஐம்பதில் பத்துப் பின்னாவது ஒரு மயிரிழை முன்னே பின்னே வரும். வராமல் இருக்காது. எண்கள் ஆடவே இல்லை என்றால் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருடம் இதைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன். என் தம்பி அனுப்பிய பட்டியல் என்றதும் கண் அவிந்துவிட்டது.

முதலில் வந்தது ஆத்திரம்தான், உத்தமா. ஐந்து மாதமாக உன் தாள்களோடு மல்லுக்கட்டி, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அளந்தவளிடம் பொய்க் கணக்கு அனுப்பியிருக்கிறாயே என்று கொதித்தது. பிசைந்த மாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் ஏகாம்பரம் அன்றைக்குக் கேன்டீனில் வடை தின்றுகொண்டிருந்தார், அதனால் அளக்கவில்லை. நீ சோம்பேறி இல்லை. அரை இழை தவறினால் அந்தப் பின்னைத் தூக்கிக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, ஃபோர்மேனிடம் நீயே போய்ச் சொல்கிறவன். அப்படிப்பட்டவன் ஏன் அளக்காமல் எழுத வேண்டும்? ஏன் கையால் எழுதாமல் அடிக்க வேண்டும்?

தீபாவளியன்று வீடியோவில் பேசினோமே. எல்லாரும் கை ஆட்டினார்கள், நீ தலையை மட்டும் ஆட்டினாய். மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள், நாற்பது நிமிடம் அது அப்படியே ஆறிப்போனது. வலது கையை இடது கையால் பிடித்து மேஜைக்கு அடியில் வைத்திருந்தாய். போனை வைத்ததும் கார்த்திகாவே கேட்டாள், மாமாவுக்குக் கை வலியா என்று. எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவுக்கும் இதே அறுபத்தாறில்தான் ஆரம்பித்தது. சட்டையில் சிந்தாமல் இருக்க அம்மா டம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுப்பாள். கடைசி மூன்று வருடம் அவர் பத்திரங்களில் கையெழுத்தே போடவில்லை, கட்டை விரல்தான்.

உனக்குக் கை நடுங்குகிறது. கோடையிலேயே ஆரம்பித்திருக்கும். தராசு முள் நிற்காமல் போனது ஹீட்டரால் இல்லை. அதை நீ என்னிடம் சொல்லவில்லை. நான் காற்று, மேஜை, கூடு, திருகாணி என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லிக்கொண்டே போனேன், நீயும் சரி சரி என்று ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டே வந்தாய். கடைசியில் நாற்பதுக்கும் கணக்கு எழுது, இல்லையென்றால் பேசாதே என்று நான் கத்தினேன். கணக்கு வந்தது. அந்தப் பொய்யை உன்னிடமிருந்து பிடுங்கி வாங்கியவள் நான்தான். அது என் மேல் இருக்கட்டும்.

இப்போது கோபமில்லாமல் சொல்கிறேன், கவனமாகக் கேள். அந்த நாற்பதில் இருபதை அஸ்வின் சுட்டுவிட்டான். நடுவில் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது நம் அம்மா செய்த புண்ணியம். இன்னும் இருபது பெட்டியில் இருக்கிறது. நவம்பர் ஒன்றாம் தேதி சனிக்கிழமை அவன் மான் வேட்டைக்குக் கிளம்புகிறான். அந்த இருபதைத்தான் எடுத்துப் போவான், அப்பா செய்தது என்று நண்பர்களிடம் காட்டுவான். அந்த இருபதில் எதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தராசில் வைத்துப் பார்த்தாயா, கரண்டியால் அள்ளிப் போட்டாயா, அதையும் நான் கேட்கப் போவதில்லை. குறைந்திருந்தால் மான் தப்பிக்கும். கூடியிருந்தால் இரும்பு அவன் முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். இதை நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, எனக்கு இதைச் சொன்னதே நீதான்.

அஸ்வின் நம்பர் என் போனில் இருக்கிறது. நேற்று இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன். நான் சொன்னால் அவன் அந்தப் பெட்டியைத் தூக்கி எறிவான், கூடவே தராசையும் மேஜையையும் எடுத்து உள்ளே போடுவான், உன்னைப் பழையபடி டி.வி. முன்னால் உட்கார வைப்பான். நல்ல பிள்ளை, உன் நல்லதுக்கு என்று நினைத்துத்தான் செய்வான். அந்த வீட்டில் உனக்கு என்று இருக்கிற ஒரே வேலை இது. அது போய்விடும் என்றுதானே மறைத்தாய்? எனக்குப் புரிகிறது. ரிட்டையர் ஆன அன்றைக்கு என் வெர்னியரைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தவள் நான், எனக்குப் புரியாதா?

அதனால் நீயே சொல். புதன்கிழமை இரவுக்குள் அவனை உட்கார வைத்து, இந்த இருபதையும் சுடக் கூடாது என்று சொல்லிவிடு. காரணத்தையும் சொல். கையை மேஜைக்கு மேலே எடுத்து வைத்துச் சொல். இந்த ஒரு முறை கடைத் தோட்டாவை எடுத்துப் போகட்டும். வந்த பிறகு அவன் கையால் மருந்து போடட்டும், கேப் பதிக்கட்டும், குண்டு வைக்கட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து தராசைப் பார், எண்ணைச் சொல், சரியில்லாததைக் கொட்டச் சொல். எண்ணைப் படிக்கக் கை வேண்டாம், கண் போதும். வருடக்கணக்கில் நான் செய்த வேலையே அதுதான், அதைக் குறைவான வேலை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

வியாழக்கிழமை காலை வரைக்கும் உன்னிடமிருந்து தகவல் வரவில்லை என்றால் நான் அவனைக் கூப்பிடுவேன். நீ ஆயுசுக்கும் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிடுவேன்.

டாக்டரிடமும் போ. நடுக்கம் எல்லாம் ஒரே வியாதி இல்லையாம், மாத்திரையிலேயே அடங்குகிறதும் உண்டாம். அப்பா காலத்தில் யாரும் கூட்டிப் போகவில்லை. நாம் இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

நீயும் உன் பிள்ளையும் நூறு வயது இருக்க வேண்டும். அஸ்வினிடம் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுதி அனுப்பு. அடித்து அனுப்பாதே. உன் கையால் எழுது. எவ்வளவு கோணலாக இருந்தாலும் அக்காவுக்குப் படிக்க வரும்.

என்றும் உன்,
கஸ்தூரி அக்கா